அளவறிந்து அமைக்கும் விளையாட்டுக் கணினி

விளையாட்டு மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த விருப்பங்களுள் ஒன்று. உழைப்பால் இளைத்த உள்ளம் அதன்கண் ஓய்வு பெறுகின்றது. கூர்ந்து நோக்குதல், விரைந்து துணிதல், தோல்வியைப் பொறுத்தல் முதலிய குணங்களும் அதனால் ஓரளவு வளர்கின்றன. பந்தாட்டத்திற்கு உரிய இப்பயன் கணினித் திரையில் நிகழும் விளையாட்டிற்கும் ஒருவாறு பொருந்தும். ஆயின், பந்தாட விரும்புவோன் ஒரு பந்தும் ஒரு வெளியும் பெற்றால் அமைவான். கணினியில் விளையாட விரும்புவோனோ பல்லாயிரம் ரூபாய் பெறும் பொறியொன்றைத் தேடவேண்டியவனாகின்றான். அப்பணம் பெரும்பாலும் அவன் ஈட்டியதன்று. தந்தையும் தாயும் பல திங்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அன்றேல் விடுமுறைதோறும் வேலை செய்து அவனே சிறுகச் சிறுகத் தொகுத்தது. அத்தகைய பொருளை ஒருமுறை பிழைபடச் செலவிட்டால், மறுமுறை செலவிட வழி எளிதிற் கிட்டாது. ஆதலின், குறித்த ஒரு தொகைக்குள் நின்று, விளையாட்டிற்கும் கல்விக்கும் ஒருங்கே பயன்படும் கணினியொன்றையும் அதற்குரிய மேசையையும் அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை ஈண்டு முறைப்பட ஆராய்வாம்.

1. உறுப்புக்களைச் சேர்த்தமைத்தல் இயல்வதாயினமை

கணினி விளையாட்டின் தொடக்கம் மாணாக்கரது பொருள்நிலைக்கு மிகச் சேய்மையில் இருந்தது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த இளைஞர் சிலர் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை இயற்றினர். இரண்டு விண்கலங்கள் ஒரு விண்மீனைச் சுற்றிப் போரிடுவதாகிய அவ்விளையாட்டு ‘பி.டி.பி. 1’ என்னும் பொறியில் நிகழ்ந்தது. அப்பொறியின் விலை ஏறக்குறைய 1,20,000 டாலர். கழகத்தின் பொறியை இரவில் ஓய்வாயிருக்கும்போது இயக்கலாமேயன்றி, அதனைத் தமக்கென வாங்குதல் எம்மாணாக்கர்க்கும் கனவிலும் இயல்வதன்று.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தனியொருவர் பயன்படுத்தும் கணினியொன்றை வெளியிட்டனர். அதன் உறுப்புக்களிற் பலவற்றை அவர் பிறரிடமிருந்து வாங்கியே அமைத்தனர். அதன் அமைப்பு விவரங்களையும் நூல்வடிவில் வெளிப்படுத்தினர். அதனால் பிற நிறுவனத்தாரும் அதற்கொத்த உறுப்புக்களைச் செய்யத் தலைப்பட்டனர். பின்னர் 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அளவுமுறையை வகுத்தனர். மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், மின்னிணைப்பின் வடிவு ஆகியன இவ்வளவுமுறையால் வரையறைப்பட்டன. ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த கேபினெட்டில் இன்று பிழையின்றிப் பொருந்துவது இதன் பயனேயாம். ஒரு திருகாணிமுடுக்கியும் பொறுமையுமுடைய மாணாக்கன் தன் கணினியைத் தானே சேர்த்தமைக்க இதனால் வழி பிறந்தது.

நிற்க. இவ்வுரிமை ஒரு பொறுப்பையும் உடன்கொணர்ந்தது. முழுமையாய்ச் செய்து விற்கப்படும் மடிக்கணினியில் எவ்வுறுப்பிற்கு எவ்வளவு செலவிடுவது என்பதைச் செய்தோரே துணிந்துவிடுகின்றனர். தானே அமைப்போனுக்கு அத்துணிவு தன்னுடையதாகின்றது. உறுப்புக்களுள் ஒன்று மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் அமையின், மிகுந்ததன்பொருட்டுச் செலவிட்ட பொருள் வீணாகும். இரட்டைமாட்டு வண்டியில் ஒரு மாடு கொழுத்தும் மற்றொன்று மெலிந்தும் இருப்பின், வண்டி மெலிந்த மாட்டின் நடைக்கேயன்றிக் கொழுத்ததன் நடைக்குச் செல்லாது. இவ்வொரு கருத்தே கணினித் திட்டத்தின் உயிர்நிலை என்பது மேற்கூறுவனவற்றால் விளங்கும்.

2. முதற்கண் துணியவேண்டுவது

திட்டமிடப் புகுவோன் முதற்கண் வினவவேண்டுவது, எப்பிராசசர் சிறந்தது என்பதன்று. எவ்விளையாட்டை, எத்திரையில், எத்துணை விரைவில் ஆட விரும்புகின்றேன் என்பதே. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். கடையிற் கண்ட விலையுயர்ந்த ஓர் உறுப்பை முன்னர் வாங்கிவிட்டு, எஞ்சிய சிறுதொகைக்கேற்ப ஏனையவற்றைப் பொறுக்கிச் சேர்க்கின்றனர்.

திரையில் தோன்றும் படம் சிறுசிறு ஒளிப்புள்ளிகளால் ஆயது. ‘புல் எச்.டி.’ எனப்படும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. அதனினும் ஒருபடி உயர்ந்த, குறுக்கே 2560-உம் நெடுக்கே 1440-உம் உடைய திரையில் 36,86,400 புள்ளிகள் உள. ‘4கே’ எனப்படும் திரையிலோ 82,94,400. இது முதலிற் கூறியதனினும் சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், புல் எச்.டி. திரைக்கே கிராபிக்ஸ் கார்டு 12 கோடியே 44 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை நொடிதோறும் கணித்து வரைதல் வேண்டும். ஆகவே, திரையின் அளவைத் துணிந்தவன் தன் செலவின் பெரும்பகுதியையும் துணிந்தவனாகின்றான். வரம்புக்குட்பட்ட தொகையையுடைய மாணாக்கனுக்கு 24 அங்குலத்ததாகிய புல் எச்.டி. மானிட்டரே ஏற்றது. அம்மேசையருகில் அமர்ந்து நோக்குவோன் கண்ணுக்கு அது தெளிவாகவே தோன்றும். அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்டும் நடுத்தர விலையிற் கிடைக்கும்.

விரைவும் அத்தகையதே. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை ஏறக்குறைய 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லி நொடிக்கு ஒருமுறை மாற்றும். 2020-இல் வெளிவந்த ‘வலோரன்ட்’, 2023-இல் வெளிவந்த ‘கவுன்டர் ஸ்டிரைக் 2’ போன்ற போட்டி விளையாட்டுக்களில் இவ்வேறுபாடு கைக்கும் கண்ணுக்கும் புலனாகும். நகரமைத்தல், சதுரங்கம், கதைவழிச் செல்லுதல் முதலியவற்றை விரும்புவோனுக்கு அதனாற் பெரும்பயன் இன்று. 2020-இல் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ போன்றவை விரைவைவிடக் காட்சியின் அழகை வேண்டுவன. அவற்றிற்குக் கிராபிக்ஸ் கார்டின் வன்மையே முதன்மை. ஆகலின், தான் உண்மையில் ஆடும் விளையாட்டு மூன்றின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றிற்கு வேண்டுவதை மட்டும் நாடுதல் அறிவுடைமை. என்றோ ஆடலாம் என்று எண்ணும் விளையாட்டிற்காக இன்று செலவிடுதல் தகாது.

3. நூறு கூறாகப் பகுத்தல்

உறுப்புக்களின் விலை நிலையுடையதன்று. 2020 முதல் 2022 வரை பெருந்தொற்றாலும், கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு ‘எதீரியம்’ என்னும் மறைகுறி நாணயத்தைத் தோண்டுவாரது மிகுதியாலும் அக்கார்டுகளின் விலை அளவிறந்து ஏறிற்று. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நாணயத்தின் முறை மாறியபின் அத்தோண்டுதல் ஒழிந்தது. பின்னர் 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை மிகுதியாக வாங்கத் தொடங்கினமையின் ராமின் விலை கடுமையாக உயர்ந்தது. இங்ஙனம் மாறும் விலையைப் பற்றி எழுதுவதினும், உள்ள தொகையை நூறு கூறாகப் பகுத்து, எதற்கு எத்துணைக் கூறு என வரையறுத்துக்கொள்வதே நன்று. கல்விக்கும் நடுத்தர விளையாட்டிற்கும் ஏற்ற ஒரு பகுப்பு வருமாறு:

மேசை, நாற்காலி, விளக்கு: 10 கூறு
மானிட்டர்: 12 கூறு
கீபோர்டு, மவுஸ், ஹெட்போன்: 4 கூறு
யு.பி.எஸ்., மின் இணைப்பு: 5 கூறு
கிராபிக்ஸ் கார்டு: 24 கூறு
பிராசசர்: 12 கூறு
மதர்போர்டு: 8 கூறு
ராம்: 8 கூறு
எஸ்.எஸ்.டி.: 5 கூறு
பவர் சப்ளை: 5 கூறு
கேபினெட், காற்றாடி: 3 கூறு
எதிர்பாராச் செலவிற்கு இருப்பு: 4 கூறு

கையில் 80,000 ரூபாய் உடையவன் இவ்வாறு பகுப்பின், கிராபிக்ஸ் கார்டிற்கு 19,200 ரூபாயும், மானிட்டருக்கு 9,600 ரூபாயும், மேசை நாற்காலிக்கு 8,000 ரூபாயும், இருப்பாக 3,200 ரூபாயும் அமையும். ஓர் உறுப்பிற்குக் கூறு மிகுமாயின் அதனை எதிலிருந்து எடுப்பது என்பதையும் அப்பொழுதே எழுதுதல் வேண்டும். ‘இன்னும் இரண்டாயிரம் ரூபாய் சேர்த்தால் இதனினும் சிறந்தது கிட்டும்’ என்னும் சொல் கடைதோறும் காதில் விழும். அவ்விரண்டாயிரம் பதினொரு உறுப்புக்களிலும் சேருமாயின் இருபத்தீராயிரமாகும் என்பதை எண்ணிப்பார்ப்போர் சிலரே.

4. உறுப்புக்களின் இயல்பு

பிராசசர் கணினியின் எண்ணும் ஆற்றல். விளையாட்டின் விதிகளையும் எதிரிகளின் இயக்கத்தையும் கணிப்பது இது. படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஆறு உட்கருக்களையுடைய பிராசசர் புல் எச்.டி. திரைக்கும் கல்லூரிப் பணிகளுக்கும் போதியது. 2022-இல் வெளிவந்த ‘ரைசன் 5 5600’ இதற்கு ஒரு சான்று. பிராசசரைத் தெரிவதற்குமுன் அது பொருந்தும் சாக்கெட்டை நோக்குதல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தாரது ‘ஏ.எம். 4’ என்னும் சாக்கெட் 2016-இல் தோன்றிப் பல்லாண்டு நிலவிற்று. 2017-இல் மதர்போர்டு வாங்கினோர் பலர், அதனை மாற்றாமலே பின்வந்த பிராசசர்களைப் பொருத்திக்கொண்டனர். 2022-இல் வந்த ‘ஏ.எம். 5’ சாக்கெட்டை 2027-ஆம் ஆண்டிலும் அதற்கப்பாலும் ஆதரிப்பதாக அந்நிறுவனத்தார் அறிவித்துள்ளனர். முன்னது விலை குறைந்தது, பின்னது வளர்தற்கு இடமுடையது, ஆயின் டி.டி.ஆர். 5 என்னும் ராமையே ஏற்கும். இன்றைய சிக்கனமோ நாளைய வளர்ச்சியோ எது தனக்கு வேண்டுவதென ஒவ்வொருவனும் தன் நிலைநோக்கித் துணிக.

கிராபிக்ஸ் கார்டில் அதற்கே உரிய நினைவகம் உண்டு. இந்நாளில் புதிதாக வாங்குவோன் 8 கிகாபைட்டுக்குக் குறைந்ததை நாடாதிருத்தல் நலம். முழுத்தொகையும் ஒருங்கே கிட்டாதவன், கிராபிக்ஸ் ஆற்றலைத் தன்னுள்ளே கொண்ட பிராசசரை முதலில் வாங்கி, கார்டினை ஓராண்டு கழித்துச் சேர்க்கலாம். 2021-இல் வந்த ‘ரைசன் 5 5600ஜி’, 2024-இல் வந்த ‘ரைசன் 5 8600ஜி’ ஆகியன அவ்வகையின. போட்டி விளையாட்டுக்களை இவை ஓரளவு நன்கு இயக்கும். பாடங்கட்கோ முற்றும் போதும். கடன்பட்டு முழுமை பெறுவதினும் இவ்வாறு படிப்படியாக ஏறுதல் மனஅமைதி தருவது.

ராம் 16 கிகாபைட் வேண்டற்பாலது. அதனை ஒரே துண்டாக வாங்காது, 8 கிகாபைட்டாக இரண்டு துண்டு வாங்கி, மதர்போர்டின் நூல் குறிக்கும் இரண்டு ஸ்லாட்டுகளிற் பொருத்துதல் வேண்டும். இரண்டு வழியாகச் செய்தி செல்லுதலின் விரைவு மிகும். தனிக் கார்டு இன்றிப் பிராசசரின் கிராபிக்ஸையே நம்பியிருப்போர்க்கு இவ்வேறுபாடு மிகப்பெரிது; அவ்வகைப் பிராசசர் படம் வரைதற்கும் அதே ராமையே பயன்படுத்துகின்றது.

விளையாட்டுக்களையும் கோப்புக்களையும் சேமிக்குமிடம் எஸ்.எஸ்.டி. ஆதல் வேண்டும். சுழலும் தட்டுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் கணினி விழித்தெழுதற்கே நெடும்பொழுது செல்லும். சில விளையாட்டுக்கள் தனித்தனியே 100 கிகாபைட்டுக்கு மேற்பட்ட இடம் கொள்வன. ஆதலின் 500 கிகாபைட்டுக்குக் குறைந்ததை வாங்கின் விரைவில் இடர்ப்பட நேரும். இரண்டாவது எஸ்.எஸ்.டி.யைப் பின்னர்ச் சேர்த்தற்கு மதர்போர்டில் இடமுண்டோ என்று நோக்கிக்கொள்க.

பவர் சப்ளையே பலரும் புறக்கணிக்கும் உறுப்பு. திரையில் அதன் பயன் தோன்றாமையே காரணம். ஆயின் ஏனைய உறுப்புக்கள் அனைத்தும் உண்பது அது பகிர்ந்தளிக்கும் மின்சாரத்தையே. பெயரறியாத மலிவுப் பெட்டியொன்று கெடும்போது தான்மட்டும் கெடாது, மதர்போர்டையும் கார்டையும் உடன்கொண்டு செல்லுதலும் உண்டு. 2004-இல் தொடங்கப்பெற்ற ‘80 பிளஸ்’ என்னும் சான்று, பெட்டி தான் பெறும் மின்னில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் உறுப்புக்களுக்கு வழங்குகின்றது என்பதைக் காட்டும். அச்சான்றும் நீண்ட வாரண்டியும் உடையதையே தெரிக. நன்கு தெரிந்த பவர் சப்ளை அடுத்த கணினிக்கும் உதவும்.

5. மின்னும் வெப்பமும்

மின்தேவையைக் கணித்தல் அரிதன்று. 2023-இல் வெளிவந்த ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ கார்டு உச்ச அளவில் 115 வாட் கொள்ளும். அதே வரிசையில் தலைமைபூண்டு 2022-இல் வந்த ‘4090’ கார்டு 450 வாட் கொள்ளும். நடுத்தரக் கார்டிற்கு 115, பிராசசருக்கு 90, ஏனையவற்றிற்கு 50 எனக் கொள்ளின் மொத்தம் 255 வாட் ஆகும். பவர் சப்ளையின் திறன் 85 விழுக்காடாயின் சுவரிலிருந்து ஈர்ப்பது 300 வாட். இதற்கு 500 அல்லது 550 வாட் பெட்டி போதியது. 850 வாட் பெட்டியை அச்சத்தால் வாங்குதல் பொருளிழப்பேயாம்.

நாடோறும் மூன்று மணிநேரம் இங்ஙனம் இயக்கின், இரண்டு திங்களில் 54 யூனிட் செலவாகும். தமிழ்நாட்டில் இரு திங்களுக்கொருமுறை மின்கணக்கு எடுக்கப்படுதலின், இவ்வெண் வீட்டின் மின்கட்டணத்தை ஒருபடி மேலேற்றுமோ என்பதைப் பெற்றோருடன் முன்னரே கலந்துகொள்வது பண்பு. விடுதியில் தங்கியிருப்போர் விடுதிக் காப்பாளரது இசைவையும் பெறல் வேண்டும்.

யு.பி.எஸ்.ஸின் பெட்டிமேல் 600 வி.ஏ. என எழுதியிருப்பது 600 வாட் அன்று. அத்தகைய சிறுவகை பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். மானிட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டே வாங்குக. மின்சாரம் நின்றபின் தொடர்ந்து விளையாடுதற்கன்று, எழுதிய பாடத்தைச் சேமித்து ஒழுங்காக அணைத்தற்கே அஃது உதவுவது. மூன்று முனைச் செருகியின் நிலத்தொடர்பு, அஃதாவது எர்த், சரியாக உள்ளதோ என மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் இன்றியமையாதது. கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுருக்கெனத் தோன்றின், எர்த் இல்லை என்று ஐயுறல் வேண்டும்.

நம் நாட்டு வெயிலும் கருதற்பாலது. அறையின் வெப்பம் எவ்வளவு ஏறுமோ ஏறக்குறைய அவ்வளவே கணினியின் உள்வெப்பமும் ஏறும். குளிர்நாட்டார் தம் அறையிற் சோதித்து எழுதிய வெப்ப அளவுகள் சித்திரைத் திங்களில் நெல்லையிலோ வேலூரிலோ பொருந்தா. ஆதலின், முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிட, சல்லடை முகப்பும் முன்னே இரண்டு பின்னே ஒன்றாகக் காற்றாடிகளும் உடையதே தகுதி. வண்ணவிளக்குகள் ஒரு பாகையேனும் வெப்பத்தைத் தணிப்பனவல்ல. கேபினெட்டைத் தரையில் வையாது ஓரடி உயர்த்தி வைத்து, திங்கள்தோறும் தூசியைத் தூரிகையால் நீக்கி வருக.

6. மேசையும் நாற்காலியும்

கணினியின் எவ்வுறுப்பும் பழுதுபடின் மாற்றலாம். அதன்முன் அமர்வோனது முதுகையும் கண்ணையும் மணிக்கட்டையும் மாற்றுதல் இயலாது. ஆயினும், மிகக் குறைந்த எண்ணத்தோடு வாங்கப்படுவது நாற்காலியேயாம். சிலர் எழுபதினாயிரம் ரூபாய்க் கணினியை அமைத்து, அதன்முன் பிளாஸ்டிக் நாற்காலியில் நள்ளிரவுவரை கூனியிருக்கின்றனர். மேற்கூறிய பகுப்பில் பத்துக் கூறு முதற்கண் இதற்கெனக் குறித்தமைக்குக் காரணம் இதுவே.

மேசையின் உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர் அளவில் அமைதல் வழக்கம். அமர்ந்து கீபோர்டின்மேல் கைவைக்கும்போது முழங்கை ஏறக்குறையச் செங்கோணமாக மடிதல் வேண்டும். தோள் மேலெழக் கூடாது. பாதம் தரையிற் படிதல் வேண்டும். உயரம் குறைந்தோர் நாற்காலியை உயர்த்திக் காலடியில் ஒரு மணையை இட்டுக்கொள்க. மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சிறிது தாழ்ந்தோ இருக்க, திரை ஒரு கைநீளத் தொலைவில் நிற்றல் வேண்டும். 24 அங்குல மானிட்டரின் அகலம் 53 சென்டிமீட்டர். மேசையின் ஆழம் 60 சென்டிமீட்டருக்குக் குறையின் திரை முகத்தை நெருங்கிவிடும். மானிட்டரை உயர்த்துதற்கு விலைகொடுத்துத் தாங்கி வாங்கவேண்டுவதில்லை. தடித்த பழைய நூல்கள் இரண்டு மூன்றே போதும். சாளரம் திரைக்கு நேரெதிரே இன்றிப் பக்கத்தே இருப்பின் கண்கூச்சம் குறையும்.

மேசையை ஊர்த் தச்சரைக் கொண்டு செய்வித்தல் சிக்கனமான வழி. பிளைவுட் பலகை பொதுவாக எட்டடிக்கு நான்கடி அளவில் விற்கப்படும். அதனை நான்காக அறுப்பின் நான்கடிக்கு இரண்டடியாக, அஃதாவது ஏறக்குறைய 122-க்கு 61 சென்டிமீட்டராக நான்கு மேற்பலகைகள் கிடைக்கும். நண்பர் நால்வர் சேர்ந்து 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பலகை வாங்கின், ஒவ்வொருவர்க்கும் ஒரு மேசைக்குரியது குறைந்த விலையில் அமையும். பலகை நடுவில் தாழாதிருத்தற்பொருட்டு அடியில் நெடுக்கே ஒரு சட்டம் அடித்தல் வேண்டும். பின்புறத்தில் ஒரு துளையிட்டுக் கம்பிகளை அதன்வழிச் செலுத்தின் மேசைமேல் நூல் விரித்துப் படிக்கவும் இடமிருக்கும்.

நாற்காலியைப் பொறுத்தவரை, பந்தயவண்டி இருக்கைபோல் தோன்றும் ‘கேமிங் சேர்’ வேண்டுமென்னும் கட்டாயமில்லை. உயரத்தை மாற்றத்தக்கதும் இடுப்பின் பின்வளைவைத் தாங்குவதுமாகிய அலுவலக நாற்காலி போதும். அலுவலகங்கள் மூடும்போதும் இடம்மாறும்போதும் அத்தகையன பழைய விலைக்குக் கிட்டும். எத்துணை நல்ல நாற்காலியாயினும் இடையறாது அமர்ந்திருத்தலின் கேட்டைப் போக்காது. இருபது நிமிடத்திற்கொருமுறை இருபதடித் தொலைவிலுள்ள ஒன்றை இருபது நொடி நோக்குவதும், மணிதோறும் எழுந்து நடப்பதும் செலவில்லா மருந்து.

7. வாங்குதலும் பொருத்துதலும்

சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. சாலை, மும்பை லேமிங்டன் சாலை ஆகியன உறுப்புக்கள் விற்கும் கடைகள் நிறைந்த இடங்கள். அங்கே செல்லுமுன் இணையவழி விலையைக் குறித்துக்கொண்டு செல்லின் பேரம் பேசல் எளிதாகும். வரியின்றிப் பற்றுச்சீட்டில்லாமல் குறைந்த விலைக்குத் தருவதாகக் கூறுவோரும் உளர். கணினி உறுப்புக்களின்மேல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாதலின் அச்சொல் கவர்ச்சியுடையதே. ஆயின், உறுப்பின் வரிசை எண் பொறித்த பற்றுச்சீட்டு இல்லையேல், கெட்ட காலத்து வாரண்டி பெறுதல் அரிதாகும்.

பழைய உறுப்புக்களில் கேபினெட், மானிட்டர், பிராசசர் ஆகியவற்றை நேரிற் சோதித்து வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டாயின் அரைமணிநேரம் கடிய விளையாட்டொன்றை இயக்கிப் பார்த்தே பணம் தருக. பழைய பவர் சப்ளையை வாங்காதிருத்தலே நலம். பழைய பிராசசர் கொள்வோர் மற்றொன்றும் நினைவிற்கொள்க: ‘விண்டோஸ் 10’-க்குரிய இலவச ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவில் முடிந்தது, ‘விண்டோஸ் 11’-ஓ, இன்டெல்லாயின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட பெரும்பாலான பிராசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல மாற்று. 2018-இல் வால்வ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘புரோட்டான்’ என்னும் துணையால் விண்டோஸ் விளையாட்டுக்கள் பல அதிலும் இயங்குகின்றன. ஆயினும் வலோரன்ட் போன்ற சில அதில் இயங்கா.

பொருத்துங்கால் அவசரம் ஆகாது. உடலில் தங்கிய நிலைமின் சில்லுகளைக் கெடுக்குமாதலின், கேபினெட்டின் உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்க. பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றை மேசைமேலேயே மதர்போர்டிற் பொருத்தியபின் அதனைக் கேபினெட்டினுள் வைத்தல் எளிது. தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவே போதும். மானிட்டரின் கம்பியை மதர்போர்டில் அன்றிக் கிராபிக்ஸ் கார்டிற் செருகுக. இதனை மறந்து, கார்டு பழுதென்று கடைக்குத் திரும்புவோர் பலர். ராமின் முழுவிரைவை பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பிலும், 144 ஹெர்ட்ஸை விண்டோஸின் திரை அமைப்பிலும் நாமே தெரிந்து இயக்கல் வேண்டும். இல்லையேல் பணங்கொடுத்துப் பெற்ற விரைவு பயன்படாது உறங்கும்.

8. முடிவுரை

கோபுரங் கட்டப் புகுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடாதவன் அடிக்கல்லோடு நின்று பிறர் நகைக்கு இலக்காவான் என்னும் உவமையை இக்கல்லூரியில் அறியாதார் இலர். கணினி அமைப்போனுக்கும் அஃது ஒக்கும். பொருள் குறைவு என்பது இவ்வினையில் ஒரு தடை போலத் தோன்றினும், உண்மையில் அதுவே வழிகாட்டியாகும். தொகைக்கு வரம்பில்லாதவன் எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்கிச் சென்றுவிடுவான். எவ்வுறுப்பு எதற்கு வேண்டும் என்று வினவ அவனுக்குத் தேவையே எழாது. வரம்புடையவனோ ஒவ்வொன்றையும் வினவுகின்றான். எனக்கு வேண்டுவது எது, பிறர்க்குக் காட்டுதற்கு மட்டும் வேண்டுவது எது என்று பிரித்தறிகின்றான். மின்னியல், வெப்பவியல், கணக்கு, தச்சு, உடல்நலம் ஆகிய பலவும் ஒரே மேசையருகில் அவனுக்குப் பாடமாகின்றன.

அவ்வாறு அமைந்த மேசையில் மாலையில் விளையாட்டு நிகழலாம். காலையில் தங்கையின் பள்ளிப்பாடமும், தந்தையின் கடைக்கணக்கும், தேர்வுக்குரிய நிரலெழுத்தும் நிகழலாம். ஆயிரங்களைச் சேர்த்துத் தந்தோர் அதன் பயனைத் தம் கண்ணாற் காண்பர். ஆகலின், இவ்வாண்டு கணினி அமைக்க எண்ணியிருக்கும் மாணாக்கர் கடைக்குச் செல்லுமுன், ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு, தம் தொகையை நூறு கூறாகப் பகுத்து, அத்தாளை வீட்டாரிடம் ஒருமுறை காட்டுவாராக. வாங்கவேண்டிய உறுப்புக்களுள் முதலாவது அத்தாளேயாம்.